ஆறாம் வகுப்புக்குப் போனால் காலைப் பசி போய்விடுமா?

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும் நிதித் துறைக்கும் வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, 2025 மே மாதம் ஓய்வு பெற்றேன். 1993இல் வேலைக்குச் சேர்ந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரே சமையல்கூடத்தில் நின்றிருக்கிறேன். கேஸ் அடுப்பு வந்தது பிற்பாடுதான். அதற்கு முன்னால் விறகு, புகை, ஊதாங்குழல். பிள்ளைகள் என்னை "சத்துணவு டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும், எது முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கும், எது இரண்டாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தட்டை மட்டும் லேசாக முன்னால் நகர்த்தும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஓய்வூதியம், காலிப்பணியிடம், ஒரே ஆள் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பது என்று எங்கள் சங்கத்தினர் பல வருடமாக உங்களிடம் பேசி வருகிறார்கள். எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் இந்த மடலில் எனக்காகவோ என்னோடு வேலை பார்த்தவர்களுக்காகவோ நான் எதுவும் கேட்க வரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலை உணவு நின்றுபோகிறது. அதை நிறுத்தாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். காலை உணவையும் சத்துணவுப் பணியாளர்களிடமே கொடுத்திருக்கலாம் என்று எங்கள் சங்கம் கேட்டது, எனக்கும் அதில் உடன்பாடுதான். சரி, அது வேறு பேச்சு. அந்தக் குழுப் பெண்களின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தீர்கள். நல்ல விதி அது. தன் பிள்ளை சாப்பிடப் போகிற சட்டியில் எந்தத் தாயும் கை குறைக்க மாட்டாள்.

எங்கள் பள்ளியில் சமைத்த பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் அப்போது ஐந்தாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. விடியற்காலையிலேயே வந்து பாத்திரத்தைக் கழுவி, காய் நறுக்கி, ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பிள்ளைகள் இரண்டும் பின்னாலேயே எழுந்து வந்து, பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து படிக்கும். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் போயிற்று.

2024 ஜூனில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கிச்சடி. நானும் அன்றைக்குச் சீக்கிரமே போயிருந்தேன். லீவு முடிந்து திறக்கும்போது அரிசி மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பருப்பை வெயிலில் காயவைக்க வேண்டும். எட்டேகாலுக்குத் தட்டு வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவனும் போன வருடத்துப் பழக்கத்தில் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா கரண்டியோடு வரிசையில் வந்தாள். மகள் தட்டில் போட்டாள். அடுத்த தட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"நீ ஆறாவதுடா," என்றாள்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து அடிபம்புக்குப் போய், சாப்பிடாத தட்டை மறுபடியும் கழுவிப் பைக்குள் வைத்தான்.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு நான் அவளிடம், "ஒரு கரண்டி போட்டா என்னம்மா?" என்று கேட்டேன். "எண்ணிக்கை செல்லுல ஏத்தியாச்சுக்கா. இவனுக்குப் போட்டா ஆறாவது, ஏழாவது, எட்டாவது அத்தனை பேருக்கும் போடணும். அளந்துதான வருது," என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐம்பது கிராம் ரவை என்று அளந்து வருகிற பொருளில் இன்னும் மூன்று வகுப்பை எங்கே நுழைப்பது? தான் பெற்ற பிள்ளை என்பதற்காக ஒரு கரண்டி கூட அள்ளாத அந்தப் பெண்ணை நான் மனசார மதிக்கிறேன். அவளை அந்த இடத்தில் நிறுத்தியது உங்கள் அரசாணையில் இருக்கிற ஒரு வரி. அந்த வரியைத்தான் திருத்தச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து இன்னொன்றைப் பார்த்தேன். சின்னவள் கிச்சடியில் பாதியைத் தட்டோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கை கழுவப் போகிற சாக்கில் தட்டோடு கட்டடத்துக்குப் பின்னால் போவாள். அண்ணன் அங்கே நிற்பான். அவளுக்கு அப்போது எட்டு வயது. ஐம்பது கிராமில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்து வகுப்பில் உட்காரும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் காலையில் வீட்டில் சமைக்க மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நடவுக் காலத்தில் ஆறு மணிக்கு வண்டி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். மற்ற நாளில் நூறு நாள் வேலை. முதல்நாள் ராத்திரிச் சோறு மிஞ்சினால் பழைய சோறு. மிஞ்சாவிட்டால் வரக்காப்பி. "காலையில என்ன சாப்பிட்டே?" என்று ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளையைக் கேட்டால், "டீ குடிச்சேன் டீச்சர்" என்பாள். சாப்பிட்டாயா என்ற கேள்விக்குக் குடித்தேன் என்று பதில் வருகிற ஊர் எங்கள் ஊர் மட்டும் இல்லை.

சமையல்கூடத்தில் நிற்பவர்களுக்குத் தெரிகிற சில விஷயங்கள் அறிக்கையில் வராது. காலை உணவு வருவதற்கு முன்னால், பன்னிரண்டு மணி ஆனாலே ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "சோறு வெந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காலை உணவு வந்த மூன்று நான்கு மாதத்தில் அந்தக் கூட்டம் காணாமல் போய்விட்டது. மணி அடித்த பிறகு நிதானமாக வந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட்டன. முன்னெல்லாம் ஒதுக்கி வைக்கிற காயைக்கூடச் சாப்பிட்டன. அள்ளி விழுங்குகிற அவசரம் இல்லாததால் என்று நான் நினைக்கிறேன். வருகை கூடியது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்விலும் சொன்னார்கள். நாங்கள் அதற்கு முன்பே அரிசி அளக்கும்போது கண்டுவிட்டோம்.

ஆனால் ஜன்னல் காலியாகவில்லை. அங்கே இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கின்றன. இறைவணக்கக் கூட்டத்தில் தலைசுற்றி உட்காருகிற பிள்ளை முன்பு மூன்றாம் வகுப்பாகவும் இருக்கும், ஏழாம் வகுப்பாகவும் இருக்கும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின இரண்டு வருடத்தில் உட்கார்ந்ததெல்லாம் பெரிய பிள்ளைகள்தான். அதிலும் பெண் பிள்ளைகள்.

இந்த வயதைப் பற்றி உங்கள் கணக்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். மதிய உணவுக்கான தேசிய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம் அரிசி, 700 கலோரி, 20 கிராம் புரதம். ஏன்? அந்த வயதில்தான் உடம்பு வளர்கிறது. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு ஜூனில் ஒன்றரைப் பங்கு சோறு வேண்டும் என்று அரசே ஒத்துக்கொண்டு மதியம் அளந்து போடுகிறது. அதே ஜூனில், அதே பிள்ளைக்குக் காலையில் ஒன்றுமே இல்லை என்கிறது. இந்த இரண்டையும் ஒரே அரசு, ஒரே துறை, ஒரே கட்டடத்தில் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தோறும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நீல நிறத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சில பிள்ளைகள் வாந்தி எடுக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும், காலையில் எதுவும் சாப்பிடாத பிள்ளை அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்ளும். பிறகு அடுத்த வியாழக்கிழமை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதற்காகத்தானே மாத்திரை? பதினொன்று, பன்னிரண்டு வயதில் வயதுக்கு வருகிற பெண் பிள்ளைக்கு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே காலைச் சாப்பாட்டை நிறுத்துவது எனக்கு எந்தக் காலத்திலும் புரியவில்லை.

இதற்கு முன்னால் இந்த மாநிலம் இப்படிப் போட்ட கோடுகளை என்ன செய்தது என்பதை நிதித் துறையில் இருப்பவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன்.

1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. ஆரம்பக் கல்விக்கான நிதியில் இந்தச் செலவைச் சேர்க்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னதால் 1925இல் நின்றது. 1927இல் மறுபடியும் தொடங்கினார்கள். நூறு வருடத்துக்கு முன்னாலேயே பிள்ளைச் சோற்றுக்குத் தடையாக வந்தது 'எந்தக் கணக்கில் எழுதுவது' என்ற கேள்விதான்.

காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு மாநிலம் முழுக்க வந்தது. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டு நடத்திய இயக்கமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஊர்க்காரர்கள் நெல்லும் காயும் கொடுத்துத் தொடங்கிவைத்ததை அரசு தன் செலவாக எடுத்துக்கொண்டது. நான் 1970களில் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட கோதுமை ரவை உப்புமா அந்தத் திட்டத்தில் வந்ததுதான். அதன் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரைதான், அதுவும் கிராமப்புறத்தில்தான். அதே செப்டம்பரில் நகரத்துக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் பத்து வயது முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஒன்பது வயது என்று போட்ட கோடு இரண்டே வருடத்தில் நகர்ந்துவிட்டது. அப்போது மாநிலத்திடம் இன்றைக்கு இருப்பதில் எத்தனை பங்கு பணம் இருந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முட்டையும் அப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒவ்வொரு தடவையும் கட்டுப்படியாகாது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். கட்டுப்படியாயிற்று. வெறும் சோறும் சாம்பாருமாக இருந்த இடத்தில் பிற்பாடு தக்காளி சாதம், கருவேப்பிலை சாதம், கொண்டைக்கடலை புலாவ், மிளகு முட்டை என்று வகை வகையாக வந்தபோது எங்கள் சமையலர் அம்மா ராத்திரி எல்லாம் தூங்காமல் மறுநாள் அளவை யோசித்துக்கொண்டிருந்தார். அதையும் பழகிக்கொண்டோம்.

காலை உணவுத் திட்டமும் வேகமாகத்தான் வளர்ந்தது, அதை நான் மறுக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அடுத்த வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள். இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஆனால் மூன்று வருடமாக அது பக்கவாட்டிலேயேதான் விரிந்திருக்கிறது. பள்ளிகள் கூடின, வகுப்பு கூடவில்லை. முதல் வருடம் மதுரையில் ஐந்தாம் வகுப்பில் சாப்பிட்ட பிள்ளை இன்றைக்கு எட்டாம் வகுப்பில் இருக்கும். இந்த மூன்று வருடமும் அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று எந்தச் செயலியிலும் பதிவு இருக்காது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2025–26 பட்ஜெட்டில் காலை உணவுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,000 ரூபாய்க்குள் வருகிறது. பள்ளி நாளை 210 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 14 ரூபாய். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீ வாங்குகிற காசு. பெரிய பிள்ளைக்கு ஒன்றரைப் பங்கு என்று வைத்தாலும் 21 ரூபாய். புதிதாகச் சேர்க்கிற ஒவ்வொரு லட்சம் பிள்ளைகளுக்கும் வருடத்துக்கு 45 கோடிக்குள் முடியும். நான் முப்பத்திரண்டு வருடம் உணவூட்டு செலவினத்தைக் காசு காசாகக் கணக்கு எழுதியவள். இந்தக் கணக்கில் பெரிய பிழை இருக்காது.

ஒன்றிய அரசிடமிருந்து பணம் வராதே என்பீர்கள். உண்மைதான். பி.எம். போஷன் என்ற தங்கள் மதிய உணவுத் திட்டத்தில் அவர்கள் எட்டாம் வகுப்பு வரை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும், அவர்கள் 60 மாநிலம் 40 என்று பங்கு போடுகிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பொருள் செலவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 6 ரூபாய் 78 காசு, ஆறிலிருந்து எட்டு வரை 10 ரூபாய் 17 காசு. பருப்பு, காய், எண்ணெய், மசாலா, கேஸ் எல்லாம் அதற்குள் என்று அவர்கள் கணக்கு. தக்காளி கிலோ நூறு ரூபாய்க்குப் போன மாதங்களில் இந்த மாதிரிக் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் நின்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். நானும் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் பல மாதம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் இந்த மாநிலம் ஒன்றிய அரசின் பணத்துக்காகக் காத்திருந்து எதையும் செய்ததில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு மதியச் சாப்பாடு மாநிலத்தின் சொந்தப் பணம். முட்டை மாநிலத்தின் பணம். காலை உணவே முழுக்க மாநிலத்தின் பணம்தான். நாடு முழுவதற்குமான மதிய உணவுத் திட்டம் 1995இல்தான் வந்தது. சமைத்த சாப்பாடு கொடு என்று உச்ச நீதிமன்றம் 2001இல் உத்தரவு போட்டபோது இங்கே பிள்ளைகள் ஏற்கெனவே சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் அண்ணன் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளியில் காலையும் மதியமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சாப்பாடு என்றாள். முன்பு அப்படி இல்லையாம். அமெரிக்காவில் பொதுவாகப் பெற்றோரின் வருமானத்தைக் கேட்டு, மிகவும் குறைவாக இருந்தால் இலவசம், அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் குறைந்த விலை, அதற்கும் மேலே முழு விலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். குறைந்த விலை என்றால் மதியச் சாப்பாட்டுக்கு 40 சென்ட் வரை. அந்தச் சின்னக் காசைக்கூடக் கட்ட முடியாமல் பாக்கி வைக்கிற குடும்பங்கள் உண்டு. கலிபோர்னியா மாநிலம் 2022–23 கல்வியாண்டிலிருந்து தன் பணத்தைப் போட்டு அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை. கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. உங்கப்பன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று நாம் எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. தட்டை நீட்டினால் சோறு. அந்தப் பெரிய மனசு இருக்கிற இடத்தில், எத்தனாம் வகுப்பு என்று கேட்டுக் கையை நிறுத்துகிறோமே என்பதுதான் வருத்தம்.

பக்கத்தில் தெலங்கானா 2023 அக்டோபரில் காலை உணவை அறிவித்தபோது நம்மைப் பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்று போட்டார்கள். நம்மிடம் கற்றுக்கொண்டவர்கள் அதை யோசித்துவிட்டார்கள்.

ஒரே நாளில் எல்லாப் பள்ளிக்கும் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் காலையில் அடுப்பு மூட்ட ஆள் போட வேண்டும், இடம் பார்க்க வேண்டும், சில பள்ளிகளில் பிள்ளைகள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறார்கள், நேரம் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுநிலைப் பள்ளிகளுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஏறத்தாழ 7,000 அரசு நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே காலையில் அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. சமைக்கிற பெண் இருக்கிறாள். பாத்திரம் இருக்கிறது, அதே வராந்தாவில் இடமும் இருக்கிறது. கூட வேண்டியது இரண்டு படி ரவையும் கொஞ்சம் பருப்பும் காயும்தான். சிறிய பள்ளிகளில் ஆறிலிருந்து எட்டு வரை எல்லாம் சேர்த்தாலும் முப்பது நாற்பது பிள்ளைகள். அதற்கு இன்னொரு பாத்திரம்கூடத் தேவைப்படாது. இருக்கிற குண்டானிலேயே பொங்கிவிடலாம். சமைக்கிற பெண்ணுக்கு வேலை கூடும். அதற்குத் தகுந்தபடி அவள் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இப்படிச் செய்கிற திட்டங்களில் அதுதான் எப்போதும் விட்டுப்போகிறது.

பத்தாம் வகுப்போடு மதியச் சாப்பாடு நின்றுபோவதும் இதே மாதிரிதான். பதினொன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு இருப்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். அதே வளாகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்த மடலில் நடுநிலைப் பள்ளியோடு நிற்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் வரும் ஜூனிலேயே செய்ய முடியும்.

உங்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போங்கள். வராந்தாவில் சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்க்க வேண்டாம். அவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே கொஞ்சம் பெரிய பிள்ளைகள் நிற்கும். விளையாடுவதாகச் சொல்லும். கேட்டால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டதாகவும் சொல்லும், அந்த வயதில் ரோஷம் அதிகம். அவர்களோடு பத்து நிமிஷம் நின்றுவிட்டு, அப்புறம் சென்னைக்குப் போய் அடுத்த பட்ஜெட் கோப்பை எடுங்கள்.

எங்கள் பள்ளியில் சமைத்த அந்தப் பெண் இன்னும் அங்கேதான் சமைக்கிறாள். பெரியவன் இப்போது ஏழாம் வகுப்பு. போன மாதம் அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். சின்னவள் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டேன். படிக்கிறாள் என்றாள். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. 2026 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
புதுக்கோட்டை மாவட்டம்.
செப்டம்பர் 2025